தாராவும் கமராவும்

சிலாபத்திலிருந்து புத்தளம் நோக்கி வடக்கே செல்லும் பெருந்தெருவை விட்டு மேற்கே திரும்பினால், தென்னந் தோப்புகளையும் வயல்களையும் கடந்து ஆனைவிழுந்தான் குளங்களை அடையலாம். மார்கழி, தை மாதங்களில் வைகறைப் பொழுதிலே அக்குளக்கட்டில் நிற்போருக்குப் புதுமையானதொரு காட்சி தென்படுவதுண்டு. நீண்ட வில்லை பூட்டிய கமராவை முன்னே வைத்துக்கொண்டு, ஈரப் புல்லின்மேல் ஒருவர் குப்புறப் படுத்திருப்பார். அவருக்கு எதிரே, நீர்ப்பூண்டுகளின் இடையே, தாராக் கூட்டமொன்று தலையை முதுகிற் புதைத்துத் துயின்றுகொண்டிருக்கும். அவர் இருமுவதில்லை, கொசுக் கடித்தாலும் கையோங்குவதில்லை. கிழக்கே தென்னை மரங்களுக்கு மேலாகக் கதிரவன் எழும் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருக்கின்றார்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரும் இவ்வாறே குளக்கட்டுகளிற் படுத்துக் காத்திருந்தோர் உளர். அவர்கள் கையில் இருந்தது துப்பாக்கி. அதே விடியல், அதே பொறுமை, அதே குறிபார்த்தல். ஆயினும் ஒருவர் எழுந்து போனபின் குளத்தில் இரத்தம் மிதந்தது. மற்றவர் எழுந்து போனபின் தாராக்கள் இன்னமும் துயில்கின்றன. துப்பாக்கி இருந்த கையிலே கமரா வந்து சேர்ந்த வரலாறு சுவை மிக்கது. சிலாபத்துக் குளக்கரையில் நின்று அவ்வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது பயனும் மிக்கது.

சிலாபம் என்றதும் முன்னேஸ்வரத் திருக்கோயில் நினைவுக்கு வரும்; முத்துக்குளிப்பு நினைவுக்கு வரும். முத்துக்குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்' என்ற சொல்லோடு இவ்வூரின் பெயரை இணைத்துப் பேசுவோரும் உளர். ஆனால் இக்கரையின் செல்வம் கடலடியில் மட்டும் கிடக்கவில்லை. ஆனைவிழுந்தான் குளங்கள் முன்னோர் வெட்டிய குளங்கள். மேலைக் குளத்தின் மிகுநீர் அடுத்த குளத்தில் இறங்கும்; அது நிறைந்ததும் அதற்கடுத்த குளத்துக்குச் செல்லும். வழியெங்கும் வயல்களுக்குப் பாய்ந்து, எஞ்சிய நீர் கடலோரத்தை ஒட்டிச் செல்லும் ஒல்லாந்தர் கால்வாயின் பக்கமாக வடியும். நன்னீர்க் குளம், நெல்வயல், கண்டற்காடு, உவர்நீர் ஆகிய நான்கும் இவ்வளவு அருகருகே அமைந்த இடங்கள் அரியவை. நீர்ப்பறவைகள் இவ்விடத்தை விரும்புவதற்குக் காரணம் அதுவே.

ஈழத்தவர் தாரா என்று சொல்லும் பறவையைத் தமிழகத்தார் வாத்து என்பர். இக்குளங்களிலே ஆண்டு முழுவதும் வாழும் தாராக்களுள் முதலாவது சீழ்க்கைத் தாரா. செம்பழுப்பு நிறமுடைய இப்பறவை பறக்கும்போது சீழ்க்கையடிப்பது போன்ற ஒலியை எழுப்புவதால் அப்பெயர் பெற்றது. இரண்டாவது குள்ளத் தாரா. தாரா இனத்திலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்று. ஆண் பறவையின் முகமும் வயிறும் பஞ்சுபோல் வெளுத்திருக்கும். முதுகோ பச்சையாய் மின்னும். மரப்பொந்தில் முட்டையிடும் இப்பறவையின் குஞ்சுகள், பொரித்து வெளிவந்த சின்னாள்களிலேயே பொந்திலிருந்து குதித்து நீருக்குச் செல்பவை. இவையன்றி, வடபுலத்துக் குளிருக்கு அஞ்சி ஆசியாவின் குறுக்கே பறந்து வரும் விருந்தினரும் உளர். கிளுவையும் ஊசிவால் தாராவும் அவர்களுட் சிறந்தவை. மழைக் காலத் தொடக்கத்தில் வந்து, பங்குனி, சித்திரையில் அவை மீளும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரித்தானிய உத்தியோகத்தரும் தோட்டத் துரைமாரும் இத்தகைய குளங்களை நாடியது உள்ளானையும் தாராவையும் சுடுவதற்கே. அது அவர்களுக்கு விளையாட்டு, மாலையில் உணவு. பறவைகளை அறிவுக்காக நாடியவர்கள்கூடத் துப்பாக்கியைத் துறக்க இயலவில்லை என்பது கவனிக்கத் தக்கது. இலங்கைப் பறவைகளைப் பற்றிய முதற் பெருநூலை எழுதியவர் வின்சென்ட் லெக் என்னும் பீரங்கிப் படை அதிகாரி. 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அந்நூலுக்குக் கோய்லமன்ஸ் என்ற ஒல்லாந்து ஓவியர் வண்ணப் படங்கள் தீட்டினார். அவர் தம் முன்னே வைத்துத் தீட்டியவை, சுட்டு உரித்துப் பதப்படுத்திய தோல்கள். தோலிலே இறகின் நிறம் தங்கும். கண்ணின் ஒளி தங்காது. பறவை எவ்வாறு நின்றது, எவ்வாறு நீந்தியது என்பதையெல்லாம் ஓவியர் ஊகித்தே எழுத வேண்டியிருந்தது. ஒரு பறவையை அண்மையிற் காண வேண்டுமாயின் அதைக் கொன்றே காண வேண்டும் என்பது அக்காலத்தின் நியதி.

எனினும் அந்நியதிக்கு உடன்படாதாரும் இருந்தனர். அவர்கள் நூல் எழுதவில்லை; ஏர் பூட்டி உழுதனர். தமிழகத்திலே செங்கற்பட்டுக்கு அணித்தாயுள்ள வேடந்தாங்கல் கிராமத்தார், தம் ஏரிக்கு வரும் பறவைகளின் எச்சம் நீரைச் செழிப்பாக்கி வயலை விளைவிக்கின்றது என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தனர். அப்பறவைகளைக் காக்கும் உரிமையை 1798ஆம் ஆண்டிலேயே அவர்கள் மாவட்டக் கலெக்டரிடமிருந்து ஆணையாகப் பெற்றனர். 1858ஆம் ஆண்டில் அவ்வுரிமை மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. லெக்கின் நூல் வெளிவருவதற்கு எண்பது ஆண்டுகள் முன்னரே, சுடாமல் அருகிருந்து வாழ்வது எப்படி என்பதை ஒரு தமிழ்க் கிராமம் அறிந்திருந்தது.

இனி, கமராவின் கதைக்கு வருவோம். 1839ஆம் ஆண்டிலே நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, ஒரு படம் பதிவதற்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. மனிதர் மூச்சடக்கி அமர்ந்திருப்பர், தாரா அமர்ந்திருக்குமா? 1850களில் வேல்ஸ் நாட்டுச் செல்வரான ஜோன் டில்வின் லுவெலின், நீர்க்கரையிலே நிற்கும் நாரையொன்றைப் படம் எடுத்தார். பார்த்தோர் வியந்தனர். ஆனால் அந்நாரை பஞ்சடைத்த பொம்மை. உயிருள்ளதைப் பிடிக்க இயலாத கமரா, செத்ததை உயிருள்ளதாகக் காட்டித் தன் இயலாமையை மறைத்துக்கொண்டது.

1871ஆம் ஆண்டில் றிச்சாட் மடொக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஊன்பசை பூசிய உலர்தகட்டை அறிமுகஞ் செய்தார். அது மேலும் திருத்தமுற்றபின் படம் பதியும் நேரம் ஒரு வினாடிக்கும் கீழே இறங்கியது. 1882ஆம் ஆண்டிலே எத்தியன் யூல் மாரே என்னும் பிரான்சிய உடலியல் அறிஞர், பறவையின் பறப்பை ஆராய்வதற்காக ஒரு கருவி செய்தார். ஒரு வினாடியிற் பன்னிரண்டு படங்களைப் பதியவல்ல அக்கருவிக்குக் குழலும் இருந்தது, விசையும் இருந்தது, தோளில் அணைக்கும் கட்டையும் இருந்தது. பார்வைக்கு அது துப்பாக்கியே. ஆனால் அதன் விசையை இழுத்தால் எந்தப் பறவையும் விழவில்லை. கமரா தன் குழந்தைப் பருவத்திலே துப்பாக்கியின் உடையை அணிந்து வந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆங்கிலத்திலே படம் எடுப்பதை இன்றும் 'சுடுதல்' என்றே சொல்கின்றனர். தமிழிலே நாம் 'படம் பிடித்தல்' என்கின்றோம். அதுவும் வலை விரிப்போனின் சொல்லை நினைவூட்டுவதே.

இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியிற் பிறந்த றிச்சாட் கேர்ட்டன், செரி கேர்ட்டன் என்னும் சகோதரர் இருவர், 1892ஆம் ஆண்டில் முட்டைகளோடு கூடிய பறவைக் கூடொன்றை அது இருந்தபடியே படம் எடுத்தனர். அன்று தொடங்கிய முயற்சி 1895இல் நூலாயிற்று. பறவைக் கூடுகளைப் பற்றிய அந்நூலின் படங்கள் யாவும் வெளியிலே நேரில் எடுத்தவை. பறவைக்கு அண்மையிற் செல்வதற்கு அவர்கள் கையாண்ட உபாயங்களைக் கேட்டால் நகைப்பு வரும். 1900ஆம் ஆண்டிலே ஓர் எருதின் தோலை உரித்து, உள்ளே கூடு கட்டி, அதற்குள் ஒருவர் கமராவோடு நின்றனர். மேயும் மாட்டுக்குப் பறவை அஞ்சாதன்றோ! ஒரு நாள் றிச்சாட் உள்ளே நின்றவாறே மயங்கிச் சாய, எருது நான்கு காலையும் மேலே தூக்கியபடி புல்லிற் கிடந்தது. தம்பி செரியோ, முதலில் அதைப் படம் எடுத்தார். நகைப்புக்கு அப்பால் அவர்களின் உபாயம் ஒரு பெரிய உண்மையை ஒப்புக்கொண்டது. பறவை மனிதனிடம் வராது. மனிதன் தன் மனிதத் தோற்றத்தை விட்டுவிட்டே பறவையிடம் செல்ல வேண்டும்.

இதே காலத்தில் அமெரிக்காவிலே வேறொரு வழி பிறந்தது. ஜோர்ஜ் ஷைராஸ் என்ற வழக்கறிஞர் வேட்டையை விட்டுக் கமராவை எடுத்தவர். இருளிலே தோணியிற் சென்று, மக்னீசியப் பொடியைப் பளீரென எரித்து, ஏரிக்கரைக்கு நீர் பருக வந்த விலங்குகளைப் படம் எடுத்தார். 1906ஆம் ஆண்டில் ஒரு சஞ்சிகை அவருடைய எழுபத்து நான்கு படங்களை ஒரே இதழில் வெளியிட்டது. செயற்கை ஒளியின் வெற்றி அது. அதன்பின் பறவைப் படக்காரர்கள் இரு வழியினராயினர். மின்வெட்டொளியைக் கையாள்வோர் ஒரு சாரார். கதிரவன் தரும் ஒளியே போதும் என்போர் மறுசாரார்.

தாராவைப் பொறுத்தவரை இரண்டாம் சாராருக்கே வலுவான காரணம் உண்டு. குள்ளத் தாராவின் முதுகிலும் கிளுவையின் இறக்கையிலும் மின்னும் பச்சை, சாயத்தின் நிறம் அன்று. இறகின் நுண்ணிய அமைப்பிலே ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றும் நிறம் அது. மயிற்றோகையின் நிறம் போன்றது. ஒளி வரும் கோணம் மாறினால் பச்சை கருமையாகும்; மீண்டும் மாறினால் கருமை பச்சையாகும். கமராவை ஒட்டி எரியும் ஒளிக்கு ஒரே கோணந்தான் உண்டு. கதிரவனின் ஒளியோ மேலிருந்தும், நீரிற் பட்டுத் தெறித்துக் கீழிருந்தும் வருகின்றது. தாரா தலையைச் சற்றே திருப்பும்போது நிறம் ஓடி மறையும் அழகைக் காண்பதற்கு அவ்வொளியே வேண்டும்.

ஆனால் சிலாபத்திலே அவ்வொளி நெடுநேரம் நில்லாது. இலண்டனில் டிசெம்பர் மாத இறுதியில் நண்பகலிலும் கதிரவன் ஏறக்குறைய 15 பாகை உயரத்துக்கு மேல் எழுவதில்லை. பகல் முழுவதும் தாழ்ந்த, மென்மையான ஒளிதான். சிலாபமோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழரைப் பாகை அளவில் அமைந்தது. இங்கே கதிரவன் அதே உயரத்தை உதித்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதிலேயே எட்டிவிடுகின்றான். ஒன்பது மணிக்கெல்லாம் ஒளி கடுமையாகின்றது. குள்ளத் தாராவின் வெண்மை படத்தில் வெறும் வெளுப்பாகி இறகின் வரி மறைகின்றது. நீர்மேல் எழும் வெப்பத்தால் எதிரே உள்ளவை நடுங்கித் தோன்றுகின்றன. ஆகவே கீழைக் கரையிலே, கதிரவன் முதுகுப் புறமாக நிற்க, கமராவை நீர்மட்டத்துக்குத் தாழ்த்தி, கிடைத்த ஒரு மணி நேரத்தைப் பயன்கொள்ள வேண்டும். அதற்கு இருள் விலகுமுன்னரே அவ்விடத்தில் இருந்தாக வேண்டும். ஒளி வந்தபின் வருவோரைத் தாரா கண்டுவிடும்.

பழைய நாளில் இடர் இன்னும் பெரிது. 1961ஆம் ஆண்டில் வந்த புகழ்பெற்ற வண்ணப் படச்சுருளின் வேக எண் 25 மட்டுமே. இக்காலக் கமராக்கள் ஆயிரக்கணக்கில் அவ்வெண்ணை உயர்த்த வல்லவை. அந்நாளில் வண்ணத்திலே படம் எடுத்தவர், அசையாத தாராவையும் நிறைந்த ஒளியையும் ஒருங்கே வேண்டி நின்றார். தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரும் இந்தியக் காட்டுயிர்ப் படக்கலையின் முன்னோடிகளுள் ஒருவருமான மா. கிருஷ்ணன், கறுப்பு வெள்ளைப் படத்தையே இறுதிவரை கைவிடாதவர். பல கருவிகளின் உறுப்புகளை ஒன்றாய் இணைத்துத் தாமே அமைத்த கமராவைக் கொண்டு, 1996இல் மறையும்வரை அவர் காட்டுயிர்களைப் பதிவுசெய்தார். விலை மிகுந்த கருவியினும் விலங்கின் இயல்பை அறிந்த கண்ணே முதன்மையானது என்பதற்கு அவருடைய வாழ்வு சான்று.

அண்மையிற் செல்லும் முறைகளும் காலந்தோறும் வளர்ந்தன. முன்னாளிலேயே கரையில் மறைவுக் குடில் ஒன்றை நட்டு வைத்துப் பறவைக்கு அதைப் பழக்குவர். மறுநாள் இருவர் அதற்குட் செல்வர்; சிறிது நேரத்தில் ஒருவர் மட்டும் வெளியேறி நடந்து போவார். ஆள் போய்விட்டார் என்று பறவை எண்ணும். இவ்வுபாயம் இன்றும் பயன்படுகின்றது. பொறுமைக்கு மற்றொரு தேர்வும் உண்டு. ஐப்பசியில் வந்திறங்கும் ஆண் கிளுவை, பெட்டையைப் போலவே மங்கிய கோலத்தில் இருக்கும். இனப்பெருக்கம் முடிந்தபின் பழைய இறகுகளை உதிர்த்த கோலம் அது. கண்ணுக்கு மேலே வெண்பட்டை ஓடும் அதன் மணக்கோலம் மாசியளவிலேதான் நிறைவுறும். நிறைவுற்ற சில வாரங்களில் அது புறப்பட்டுவிடும். அப்படத்தை விரும்புவோர் மாதக் கணக்கிற் காத்திருக்கவே வேண்டும்.

மனிதரின் மனமாற்றம் சட்டத்திலும் இடம்பெற்றது. 1894ஆம் ஆண்டிலே இலங்கையில் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. அதனைத் தொடங்கியோருள் வேட்டைக்காரர் பலர். சுடுவதற்கு விலங்கு எஞ்ச வேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு. பின்னர் அக்கவலை விரிந்து, விலங்கு தன்பொருட்டே எஞ்ச வேண்டும் என்ற எண்ணமாயிற்று. 1937ஆம் ஆண்டில் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1943இல் இலங்கைப் பறவைக் கழகம் தோன்றியது. 1955இல் ஜி. எம். ஹென்றி எழுதி, தாமே படமும் தீட்டிய பறவைக் கையேடு வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றிலே பிறந்து கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய அவருடைய நூல், பறவையை உயிரோடு கண்டு இனங்காணும் வழக்கத்தைப் பலருக்கும் கற்பித்தது.

உலக அரங்கிலும் தாராவே வழிகாட்டியாயிற்று. இளமையிலே தாரா வேட்டையிற் பேரார்வம் கொண்டிருந்த பீற்றர் ஸ்கொட், பின்னர் துப்பாக்கியைத் துறந்து, 1946ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜ் என்னும் இடத்தில் நீர்ப்பறவைகளுக்கு ஒரு புகலிடம் அமைத்தார். பொதுமக்கள் மறைவிலிருந்து தாராக்களை மிக அண்மையிற் காணுமாறு அங்கே வசதி செய்யப்பட்டது. 1971ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள், ஈரான் நாட்டின் றம்சார் நகரிலே ஈரநிலங்களைக் காக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நீர்ப்பறவைகளின் வாழிடம் என்ற சொற்கள் அவ்வொப்பந்தத்தின் பெயரிலேயே இடம்பெற்றன. ஆனைவிழுந்தான் குளங்கள் 1997இல் சரணாலயமாயின. 2001ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கையின் இரண்டாவது றம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டன. பரப்பு 1397 ஹெக்டேயர். முதலாவது, தென்கரையிலுள்ள புந்தலை.

இவ்விடத்தில் வரலாறு இன்பமாய் முடிந்தது என்று எழுந்துவிடலாகாது. துப்பாக்கிக்குத் தப்பிய தாராவுக்கு வேறு இடர்கள் வந்தன. 1980களிலும் 1990களிலும் சிலாபம் முதல் புத்தளம் வரையுள்ள கரையில் இறால் பண்ணைகள் பெருகின, கண்டற்காடுகள் வெட்டுண்டன, 1996இல் வெண்புள்ளி நோய் பரவி இறால்கள் மடிய, பண்ணைகள் பல வெறும் பள்ளங்களாய்க் கைவிடப்பட்டன. 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஆனைவிழுந்தான் சரணாலய எல்லைக்குள்ளேயே கண்டல் அழிக்கப்பட்டது. அழிவைக் காட்டிய படங்கள் நாடெங்கும் பரவி எதிர்ப்பை எழுப்பின, சட்டம் தலையிட்டது, கண்டலை மீண்டும் தழைக்கச் செய்யும் பணி அங்கே தொடங்கியது. தாராவின் அழகைக் காட்டிய அதே கருவி, தாராவின் வீடு இடிபடுவதற்கும் சாட்சி சொன்னது.

மற்றோர் இடர் நுண்ணியது. அது கமராவின் பக்கத்திலிருந்தே வருவது. இன்று கமரா பலர் கையில் உண்டு. எல்லோருக்கும் அண்மைப் படம் வேண்டும். இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி என்று நெருங்குவோரும், பறக்கும் படத்துக்காகக் கூட்டத்தைக் கல்லெறிந்து எழுப்புவோரும் இல்லாமல் இல்லை. தாராக்கள் பெரும்பாலும் இரவில் இரைதேடிப் பகலில் இளைப்பாறுபவை. ஆயிரக்கணக்கான கல் தொலைவு பறந்து வந்த கிளுவைக்கு அவ்வுறக்கம் சோம்பல் அன்று. திரும்பிச் செல்வதற்குச் சேமிக்கும் வலிமை. அதை நாளுக்கு நாலு முறை கலைப்பவர் ஒரு குண்டும் சுடாமலே அதன் பயணத்தைக் குலைக்கின்றார். கூட்டிலுள்ள பறவையை நெருங்குவோர் செய்யும் தீங்கு இதனினும் பெரிது. தலை நிமிர்ந்து, கழுத்து நீண்டு, கண் விரிந்து நிற்கும் தாராவின் படம் அஞ்சிய தாராவின் படம். அறிந்தோர் கண்ணுக்கு அது தப்பாது. கழுத்தை மடக்கி, இறகைக் கோதி, ஒரு காலை நீட்டி நெளித்துக்கொள்ளும் தாராவின் படமே நல்ல படம். பறவை மனமுவந்து தந்த அண்மை அது.

சிலாபத்துக் கடலிலே முத்துக்குளித்த நாள்களில், சிப்பிகளை இலட்சக்கணக்கில் அள்ளி வந்து கரையிற் குவித்து அழுகவிடுவர். அழுகியபின் கழுவி அரித்தால் ஒரு சிலவற்றில் முத்துக் கிடைக்கும். முத்தின் விலையிலே சிப்பியின் உயிரை எவரும் கணக்கிட்டதில்லை. சிப்பியை உடையாமல் முத்தை எடுக்கும் வழி அவர்களுக்குத் தெரிந்திருக்கவுமில்லை. அவ்வழி குளக்கட்டிற் படுத்திருப்பவருக்குத் தெரியும். அவர் எடுத்துச் செல்வது ஒளி மட்டுமே. தாரா அங்கேயே இருக்கின்றது, குளமும் இருக்கின்றது. கதிரவன் உயர்ந்ததும் அவர் எழுந்து நடக்காமல், முழங்கையால் ஊர்ந்தே பின்வாங்கி, கட்டின் மறுபுறம் இறங்கியபின்தான் நிமிர்கின்றார். தாராக்களுள் ஒன்றேனும் தலை தூக்கவில்லை. படம் எவ்வாறு வந்திருப்பினும், அன்றைய விடியலில் அவர் கற்ற கலையின் நிறைவு அதுவேயாகும்.